நான் அடிக்காத அடி

என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விடுவேன். அப்படிப்பட்ட என்மேல் தாக்குதல் முறைப்பாடு! பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நல்லையாவின் காதை நான் வீங்க வைத்துவிட்டேனாம்.

நடந்தது இதுதான். நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் என் மனைவி ஜீவராணி போஞ்சிச் செடி போட்டிருக்கிறாள். நல்லையாவின் கோழிகளுக்கு தினமும் அங்கேதான் விருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கோழியைப் பிடிக்க வந்தான். இவள் அகப்பையோடு போனாள். காதோடு சேர்த்து ஒரே போடு. அகப்பை இரண்டு துண்டு.

அந்த நேரம் நான் ஹாலிஎலயில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சொல்லிவிட்டுப் போனது, பெரியப்பா மகன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று.

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லாரும் நல்லையாவின் காதையே பார்த்தார்கள்.

"யாருப்பா போட்டது?"

ஒரு பொம்பிளை போட்டாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பரிதாபமாக என்னைப் பார்த்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாந்தான் போட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட வம்புக்கு வந்தா விடுவேனா?" என்றேன். இருபது வருடமாகத் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறேன். அன்றுதான் கங்காணி எனக்கு முதன்முதலாக வணக்கம் சொன்னார்.

அந்த மரியாதை சாயங்காலம் வரைதான். நல்லையா நேரே பொலிஸுக்குப் போய், நான் சொன்னதை அப்படியே முறைப்பாடாகக் கொடுத்துவிட்டான். அடுத்த ஞாயிறு மத்தியஸ்த சபைக்குப் போ, அங்கே சமாதானமாகாவிட்டால் நீதிமன்றம்தான் என்றார்கள்.

பதுளைக்கு ஓடினேன். சட்டத்தரணி ஸரூக் பொறுமையாகக் கேட்டார்.

"அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப லேசு. அந்த நேரம் வேற எடத்துல இருந்தீங்கன்னு சொல்ல சாட்சி இருக்கா?"

பார்க்காரன் இருக்கிறான். ஆனால் அவன் வாயைத் திறந்தால் நான் வீட்டுக்குள் நுழைய முடியாது.

"அது வேணாங்க. வேற வழி?"

"தற்காப்பு. அவர் உங்கள அடிக்க வந்தார், தடுக்கிற அளவுக்கு மட்டும் நீங்க திருப்பி அடிச்சீங்க. ஆனா அது உண்மையா நடந்திருக்கணும். சபைக்கு நான் வர ஏலாது, நீங்கதான் பேசணும்."

அவர் சொன்னதில் 'உண்மையா' என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஜீவராணிக்குப் பாடம் எடுத்தேன்.

"நல்லையா மண்வெட்டிய ஓங்கிட்டு வந்தான். நான் தடுத்தேன். அப்ப பட்டுருச்சு. வெளங்குதா?"

"அடிச்சது நாந்தானேங்க?"

"அத சபையில சொல்லலாமா? தோட்டத்துல என் மானம் என்னாவுறது?"

"சரிங்க. நீங்க சொன்னா சரிதாங்க."

கல்யாணமான நாள்முதல் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் சபை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் இரகுநாதன், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்.

"நீர் அடிச்சனீரோ?"

"அடிச்சேங்க. தற்காப்புக்குங்க. மண்வெட்டிய ஓங்கிட்டு வந்தாரு. என் சம்சாரமே சாட்சி."

அவர் ஜீவராணியிடம் திரும்பினார். "சொல்லும் பிள்ளை. இவர் அடிச்சவரோ?"

"அடிச்சாருங்க. என் கண்ணால பாத்தேன்."

"நல்லையாவின்ர கையில மண்வெட்டி இருந்ததோ?"

"இல்லீங்க. கோழி இருந்துச்சு."

"எந்தக் கையில?"

"ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாருங்க. பெரிய சேவல்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் காணும், சேவலாலயோ உம்மை அடிக்க வந்தவர்?"

மண்டபமே சிரித்தது. நல்லையாவும் சிரித்தான், வீங்கிய காதைப் பிடித்துக்கொண்டு! 'இவதாங்க அடிச்சா, நான் ஹாலிஎலயில இருந்தேன்' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. ஜீவராணி கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

"சமாதானமாப் போறதெண்டா உமக்கு என்ன வேணும்?" என்று அதிபர் நல்லையாவைக் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "ஐயா, அடிச்ச குத்தத்துக்கு இவரே அவங்களுக்கு ஒரு கோழிக்கூடு கட்டிக் குடுக்கட்டுங்க. அப்புறம் சண்டையே வராது."

நல்லையா பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று சாயங்காலம் பலகை அறுத்தேன். கம்பி வலை அடித்தேன். பெருவிரலையும் நசுக்கிக்கொண்டேன். கோழிகளெல்லாம் உள்ளே போன பிறகு ஜீவராணி பிளேன்டீயோடு வந்தாள். போஞ்சிப் பாத்தியைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டி, மண்வெட்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல?"

"மண்வெட்டி எதுக்குங்க? அன்னைக்கு நீங்க ஹாலிஎலயில பார்ல இருந்தீங்கன்னு நான் சொல்லியிருந்தாலே தப்பிச்சிருப்பீங்க. சொல்லத்தான் நெனச்சேன்." கூட்டின் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "அப்புறம் இந்தக் கூட்ட யாருங்க கட்டுறது?"