ஒண்ணுமில்லா எண்ணெய்

கோவில்பட்டியில் முகப்பருவுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் மெஹருன்னிசா. முறைப்படி படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு குறை. உண்மையைச் சொல்லிவிடுவார்.

வந்தவர்கள் எல்லோரும் இயற்கைப் பிரியர்கள். ஒரு பலகாரக் கடைக்குப் போதுமான எண்ணெயை முகத்தில் தேய்த்துவிட்டு வந்து, பரு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். எண்ணெயை நிறுத்துங்கள், ரெண்டு வேளை முகம் கழுவுங்கள், ஆறு வாரத்தில் கேட்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போங்கள் என்பார் மெஹருன்னிசா. ஆறு வாரம் என்றதுமே எழுந்துவிடுவார்கள்.

கயத்தாறிலிருந்து வந்த கல்லூரி மாணவி உமாராணி எழுந்ததோடு நிற்கவில்லை. இந்தக் கடையில் இயற்கைக்கு எதிரான பிரச்சாரம் நடக்கிறது என்று மனு எழுதிப் போட்டுவிட்டாள்.

மனு போய்ச் சேர்ந்த இடம் இயற்கை அழகு ஊக்குவிப்புப் பிரிவு. பதினோராம் நாள் அதன் ஆய்வாளர் சாமித்துரை வந்தார். நெற்றி நிறையப் பரு. அதன்மேல் வேப்பெண்ணெய். அவருக்கு முன்னாலேயே வாசம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

படிவத்தைப் பிரித்து, பருவுக்கு எந்த எண்ணெயைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்."

"அப்படி எழுதக் கட்டம் இல்லையேம்மா. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், இதர. இதுல எது?"

"முதல் மூணும் இல்லை சார்."

"அப்ப இதர. அந்த எண்ணெயோட பேரு?"

"ஒண்ணுமில்லைன்னுதான சார் சொல்லுதேன்."

அவர் பொறுமையான மனிதர். 'ஒண்ணுமில்லா எண்ணெய்' என்று நிதானமாக எழுதிவிட்டு, மாதிரி கேட்டார். மாதிரி தராவிட்டால் விதிப்படி கடைக்குச் சீல். வேறு வழி தெரியாமல் மெஹருன்னிசா ஒரு காலிக் குப்பியை எடுத்து நீட்டினார். அவர் அதற்கு அரக்கு முத்திரை வைத்து, சிந்தாமல் எடுத்துப் போனார்.

மூன்று வாரத்தில் ஆய்வக முடிவு வந்தது. மேற்படி எண்ணெயில் ரசாயனம் இல்லை, சாயம் இல்லை, கலப்படம் அறவே இல்லை. இத்தகு தூய்மை இதுவரை கண்டறியப்பட்டதில்லை என்று பாராட்டுச் சான்றிதழும் கூடவே வந்தது. செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று.

மறுநாள் கடம்பூரிலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் சனம் வந்து வரிசை கட்டியது. முதல் ஆள் உமாராணி.

"அந்த ஒண்ணுமில்லா எண்ணெய் குடுங்கக்கா."

"ஏட்டி, குப்பிக்குள்ள ஒண்ணுமே கிடையாது."

"தெரியும்க்கா. அம்புட்டு சுத்தம்."

மெஹருன்னிசா வரிசையைப் பார்த்தார். ஆளுக்கொரு காலிக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு வேளை முகம் கழுவிவிட்டுக் குப்பியைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும், வேறு எண்ணெய் பட்டால் இதன் வீரியம் போய்விடும் என்றார். சொல்லி முடித்த பிறகுதான், வாழ்நாளில் தான் சொன்ன முதல் பொய் அது என்று உறைத்தது. அப்படி ஒன்றும் கசக்கவில்லை.

ஆறு வாரத்தில் முகங்கள் தெளிந்தன. உமாராணி செல்பி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். சாமித்துரை தானே நேரில் வந்து, தான் வாங்கிப்போன முதல் குப்பி தீர்ந்துபோய்விட்டது என்று அடுத்த குப்பி கேட்டார்.

அந்த வாரமே எதிர்க் கடைத் தங்கப்பாண்டி, 'செக்கில் ஆட்டிய ஒண்ணுமில்லா எண்ணெய்' என்று மாட்டுப் படம் ஒட்டிய காலிக் குப்பிகளை அடுக்கிவிட்டார். மெஹருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள், எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது என்று அன்றைக்கே போர்டு எழுதி மாட்டினார். அந்தக் குப்பிகளில் ஒன்றை ஆள் விட்டு வாங்கி, சாமித்துரை அடுத்து வந்தபோது தன் குப்பியோடு சேர்த்து அவர் முன் வைத்தார்.

அவர் இரண்டு குப்பிகளையும் திறந்து முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"அவம் சரக்குல அடர்த்தி இல்லையேம்மா" என்றார்.

மெஹருன்னிசா வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது.