மேல் தட்டுப் பூண்டும் ஊதாத விசிலும்

பள்ளங்கி,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை சேனாதிபதிக்கு,

மலைமேலிருந்து உன் மச்சான் திருமலைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா காளியாயியும் பசுமாடும் நல்ல சுகம். திண்டுக்கல் வெக்கையில் நீயும் லாவண்யாவும் பிள்ளைகளும் வாடாமல் இருக்கப் பழனியாண்டவரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அக்கா பிடுங்கிக்கொண்டு, "அவரு சொல்றதக் காதுல போட்டுக்காத தம்பி" என்கிறாள். அதனால்தான் கடிதம். மதுரையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரி மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் கோபித்துக்கொள்ளாமல் படி.

விஷயம் இதுதான். நீ வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, உனக்குத் தெரியாத சட்டம் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரன் சோலைமுத்துவின் பூண்டு முழுக்க என் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்குகிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால் நம் கேஸ் தோற்றுப்போகுமா? கொடுக்காவிட்டால் நான் திருடனா? வக்கீலிடம் கேட்டு உடனே எழுது. கேஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தில் என் தட்டுக்கு மேலே பேரிக்காய் மரம், மரத்துக்கு மேலே இன்னொரு தட்டு நிலம். அந்த மரமும் மேல் தட்டும் என்னுடையவை. வெள்ளாமை செய்வதும் காய் பறிப்பதும் மட்டும் அவன். இதனால் எனக்கும் அவனுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

இதில் பூண்டு எப்படி வந்தது என்றால், எல்லாம் இந்த 'அக்கம்பக்கம்' குழுவால் வந்த வினை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாளே பாண்டிச்செல்வி, அவள்தான் தலைவி. ஊரில் பாதிப் பேருக்குப் பச்சை பனியன் தைத்து மாட்டிவிட்டிருக்கிறாள். முதுகில் 'உதவியா? கூப்பிடுங்க' என்று எழுதியிருக்கும். கூப்பிட்டால்தானே வர வேண்டும்? கூப்பிடாமலே வருகிறார்கள்! ஓடையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காட்டுமாடு வழிமறிக்காமல் கூட்டிக்கொண்டு போகிறார்கள், முடியாதவர்களுக்கு ஜீப் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். போகட்டும், வேண்டியவர்களுக்குச் செய்யட்டும். வயதானவர்கள் எல்லோருக்கும் ஒரு விசிலைக் கொடுத்து, ஏதாவது ஒன்று என்றால் ஊதுங்கள், ஓடி வருவோம் என்றார்கள். என் கழுத்திலும் ஒன்றை மாட்டினாள். "ஏத்தா, நான் முப்பது வருசம் பஸ்ஸுல கண்டக்டரா விசில் ஊதுனவன். சம்பளத்துக்கு ஊதியாச்சு, இனிமே எவனையும் கூப்பிட ஊத மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "ஊத வேணாம் பெரியப்பா, சும்மா தொங்கட்டும்" என்றாள். தொங்குகிறது.

நானும் உன் அக்காவும் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பெருமழை வரப்போகிறது என்று டிவியில் சொல்லியிருக்கிறான். காட்டில் பூண்டு பிடுங்குகிற பக்குவத்தில் நிற்கிறது, நனைந்தால் அத்தனையும் அழுகிப்போகும். பாவம் பெரியப்பா ஆஸ்பத்திரியில கெடக்காரே என்று குழுவே பச்சை பனியனோடு இறங்கி, வெள்ளனே ஆரம்பித்து மழைக்கு முன்னால் பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கட்டி, பின்கட்டு அடுப்படியில் கழி கட்டித் தொங்கவிட்டு, பூண்டு கெடாமல் காய அடியில் விறகு மூட்டிப் புகையும் போட்டுவிட்டார்கள். இதுவரைக்கும் யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் என் தட்டோடு நிற்காமல் மேல் தட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள் மாப்பிள்ளை! சோலைமுத்து பேத்தியின் காதுகுத்துக்கு ஆடலூர் போயிருந்தான். கேட்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. "யாரைக் கேட்டு அவன் பூண்டைப் புடுங்குனீங்க?" என்று கத்தினேன். பாண்டிச்செல்வி முழித்தாள். "மேல் தட்டும் ஒங்களோடதுன்னு நீங்கதான பெரியப்பா தெனமும் டீக்கடையில சொல்லுவீங்க?" என்றாள்.

ஆடலூரிலிருந்து சோலைமுத்து வந்தான். வேலிப் பக்கம் நின்று இருமினான். நானும் இருமினேன். பாண்டிச்செல்வி நடுவில் நின்றாள். "என் பூண்டு எங்கேன்னு அந்தாளக் கேளு" என்றான். "என் நெலத்துப் பூண்டு என் வீட்டுல இருக்குன்னு சொல்லு" என்றேன். ரெண்டடி தூரத்தில் நிற்கிறவனுக்கு அவள் திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைத்து, "எனக்குத் தைக்கிற சோலி கெடக்கு, நீங்க இருமிக்கிட்டே இருங்க" என்று போய்விட்டாள். குழு பிடுங்கிய அன்றைக்குப் பெய்த மழையில் மற்றவர்கள் காட்டில் கிடந்த பூண்டெல்லாம் நாறிப்போனது. அவனுடையது மட்டும் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதனால் அவனால் திட்டவும் முடியவில்லை, என்னைக் கேட்டு வாங்கவும் ரோஷம் விடவில்லை. வாங்கிக்கொண்டு போனாலும் அவன் வீட்டில் கேஸ் அடுப்பு, புகைக்கு எங்கே போவான்?

இங்கேதான் கொடுமை. புகைப் பக்கமே போகக் கூடாது என்று கண் டாக்டர் எனக்கு ஆர்டர். உன் அக்காவுக்கு மாட்டு வேலை. அப்போது அடுப்பை யார் பார்ப்பது? சோலைமுத்து வருகிறான்! விடிந்ததும் வந்து என் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "புகை பத்தல தங்கச்சி, ஈர வெறகு ரெண்டு குடு" என்று அதிகாரம் செய்கிறான். உன் அக்கா அவனுக்கு டம்ளர் நிறையக் காப்பி கொடுக்கிறாள். எனக்குக் கொடுப்பதைவிட அதில் சீனி அதிகம், ருசி பார்த்துவிட்டேன். வீட்டுக்காரன் நான் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் கிடக்கிறேன், எதிராளி என் அடுப்பில் குளிர் காய்கிறான். போதாததற்குக் கண்ணில் சொட்டு மருந்து விடக் குழுவிலிருந்து வேளைக்கு ஒருத்தர் வருகிறார்கள். வருகிறவர்கள் பேசாமல் போகிறார்களா? சீட்டு விளையாடுகிறார்கள், தோற்கிறார்கள், மறுபடியும் வருகிறார்கள். பகல் முழுக்க ஒரே சிரிப்பும் கும்மாளமும். மனுஷன் நிம்மதியாக ஒரு சலிப்புக்கூடச் சலித்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வக்கீலைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. சோலைமுத்து முதல் எதிரி, அக்கம்பக்கம் குழு ரெண்டாம் எதிரி என்று போட்டுப் புது நோட்டீஸ் தயார் செய். பூண்டு ஒரு பல்கூடக் கொடுப்பதாக இல்லை. பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாகட்டும். லாவண்யாவுக்கு என் விசாரிப்பு. வீட்டில் குறையில்லாமல் நிறையட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
திருமலைச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போதுதான் கவனித்தேன், அடுப்பு அணைந்து கிடந்தது. சோலைமுத்து காலையிலிருந்து வரவில்லை. பூண்டுக்காகத்தான் தேடிப் போனேன், வேறொன்றும் நினைக்காதே. பேரிக்காய் மரத்தடியில் பெரிய காட்டுமாடு ஒன்று அசையாமல் நிற்கிறது. மரத்து மேலே சோலைமுத்து! "ஏலே திருமல, விசில ஊதுறா!" என்று கத்தினான். இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. "மொதல்ல மரம் யாருதுன்னு சொல்லு" என்றேன். "ஒன்னோடதுதான்டா! மரமும் ஒன்னோடது, தட்டும் ஒன்னோடது, கீழ நிக்கிற மாடும் ஒன்னோடது! வெரசா ஊதித் தொல!" என்றான். ஊதினேன் மாப்பிள்ளை. பழக்க தோஷம், ரைட் கொடுக்கிற டபுள் விசில். மாடும் பஸ்ஸைப் போலவே கிளம்பிவிட்டது. அதற்குள் பச்சை பனியன் அத்தனையும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து நிற்கிறது. அவர்கள் முன்னால், நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று சாதிக்கிறான். இருந்த ஒரே சாட்சியும் காட்டுக்குள் போய்விட்டது.

கீழே இறங்கி மடியை அவிழ்த்தான். அத்தனையும் பேரிக்காய், பொறுக்கிப் பறித்தது. "டாக்டரு ஒன்னயப் பழம் திங்கச் சொன்னாராம்ல, தங்கச்சி சொல்லுச்சு" என்றான். அழுதுவிட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணிலும் அழுதேன், செய்யாத கண்ணிலும் அழுதேன்.

வக்கீல் வேண்டாம். அடுப்புக்கு மேலே எது யார் பூண்டு என்று எங்களுக்கே தெரியவில்லை, பாதிப் பாதி என்று முடித்துவிட்டோம். நீ மட்டும் பழைய துணியோடு வா. மழையில் சரிந்த சுப்பம்மா வீட்டுச் சுவரை ஞாயிற்றுக்கிழமை குழு எடுத்துக் கட்டுகிறது. ஆள் போதவில்லை, உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். பனியன் சைஸ் என்ன என்று உடனே எழுது. எனக்குத் தைத்தது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.