லோகோ வைத்தியரும் கோண வாத்தும்

லோகோவுக்கும் நோய் வரும் என்பது அந்தத் தெருவுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு ஒரு கடைக்காரருக்கும் தூக்கம் வரவில்லை.

தெருமுனை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு நோயாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் கையில் கடைச் சின்னம் அச்சடித்த காகிதப் பை. சலவைக்கடைக்காரர் பெயர்ப்பலகையையே கழற்றித் தோளில் சுமந்து வந்து, முன்னால் நின்றவரின் மண்டையில் இடித்து, "மன்னிச்சிருங்க, நோயாளி கொஞ்சம் நீளம்," என்றார். பல் டாக்டர் தன் விசிட்டிங் கார்டை எக்ஸ்ரே பார்ப்பதுபோல விளக்குக்கு நேரே பிடித்து, "ஓரமெல்லாம் மங்கலா தெரியுதே," என்று கவலைப்பட்டார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

மேடையில் லோகோ வைத்தியர் தோன்றினார். நடந்துதான் வந்தார். ஆனால் புகை இயந்திரம் வைத்திருந்ததால் தோன்றினார் என்றே சொல்ல வேண்டும். ஊதாக் கோட்டு, அதன் முதுகில் ஒரு தங்க வட்டம், வட்டத்துக்கு ஒரு வால்.

"மனுஷனுக்கு நாடி இருக்கு. பிராண்டுக்கு என்ன இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை.

"லோகோ! அதுதான் நாடி. அது படுத்தா கடை படுத்துரும். வாடிக்கையாளர் ஏன் வரலைன்னு யோசிக்கிறீங்களா? யோசிக்காதீங்க!"

கடைசி அறிவுரையைக் கூட்டம் உடனே ஏற்றுக்கொண்டது.

ரொட்டிக்கடைக்காரர் மேடைக்கு அழைக்கப்பட்டார். மாவு பிசைந்து பிசைந்து மரக்கட்டை ஆகிப்போன கை அவருக்கு. பழைய பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். வைத்தியர் இரண்டு விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். கை தொப்பென்று விழுந்தது.

"செத்துப்போச்சு," என்றார் வைத்தியர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

பிறகு தங்க வட்டம் வரைந்த அட்டையை நெஞ்சில் வைக்கச் சொன்னார். "இப்போ தாங்குங்க!" மறுபடி அழுத்தினார். கை அசையவில்லை. கூட்டம் ஆவென்று வாய் பிளந்தது. பல் டாக்டர் மட்டும் பழக்கத்தால் பக்கத்து வாய்களை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? கை பொய் சொல்லாது. பாக்கணும்னுகூட இல்ல, பீரோவுல வெச்சுப் பூட்டினாலும் செத்த லோகோவோட நாத்தம் என் விரலுக்குத் தெரியும்!"

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தெருவில் வியாபாரம் படுத்திருந்தது உண்மைதான். காரணம், தெருவில் கிடந்த பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டியது. ரொட்டிக்கடை வாசலில் தொடங்கி, அங்கே மூடி, அடுத்த கடைக்கு நகர்ந்து, அங்கேயும் மூடி, ஊர்ந்துகொண்டே போனது. பள்ளம் வந்த கடைக்கு ஆள் வரவில்லை. மூடிய கடைக்கு ஆள் வந்தது. இதைக் கண்டுபிடிக்கக் குனிந்து பார்த்தால் போதும். ஆனால் எல்லோரும் அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக்கடையில் புதுப் பலகை ஏறிய வாரம்தான் பள்ளமும் மூடப்பட்டது. கூட்டம் வந்தது. பெயர் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய் பதித்தவர்களுக்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

வைத்தியரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. ஊதா நிறம், வால் வைத்த தங்க வட்டம், 'உயர்வோம், ஒளிர்வோம்' என்ற விளம்பர வரி, பெயரின் கடைசியில் 'ஓரா'. ஓரா என்றால் பொருளைச் சுற்றி இருக்கும் ஒளி என்றார். யாரும் பார்த்ததில்லை. அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை.

ரொட்டிக்கடை ரொட்டோரா ஆனது. சலவைக்கடை சலவோரா. பல் மருத்துவமனை பல்லோரா. நடுவில் வைத்தியரின் அலுவலகம், லோகோரா. தெரு முழுக்க ஊதாவும் தங்கமுமாக, ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள்போலக் கடைகள் நின்றன. அழுக்குத் துணி மூட்டையோடு ஒருவர் பல் மருத்துவமனைக்குள் போனார். "சாயங்காலம் குடுத்துருவீங்களா?" என்றார். கடைவாய்ப் பல் வலியோடு வந்த அம்மாள் ரொட்டிக்கடையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் வாயைத் திறந்து காட்டினார். "அம்மா, நாங்க உள்ள போடறவங்க. எடுக்கறவங்க எதுத்த பக்கம்," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

மீதி இருந்தது கடைசிக் கடை. சோப்பக்காவின் கடை.

சோப்பக்கா பின்கட்டு அறையில் எண்ணெய் காய்ச்சிச் சோப்பு செய்து முன்கடையில் விற்பவர். பாளம் பாதி இறுகியதும் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மர அச்சை அழுத்துவார். அச்சில் ஒரு வாத்து. கழுத்து கோணல். அவர் கணவர் கல்யாணமான புதிதில் செதுக்கியது. கடைக்குப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் யாரும் சொல்வதில்லை. "கோண வாத்து குடுங்க" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது பள்ளம் சோப்பக்கா வாசலில் இருந்தது. வைத்தியரும் இருந்தார்.

"வாத்து இடது பக்கம் பாக்குதும்மா. இடதுன்னா பின்னடைவு. கழுத்து வேற வளைஞ்சிருக்கு, அதான் வியாபாரமும் வளைஞ்சிருச்சு. புதுசு வெச்சா மட்டும் போதாது. பழைய அச்சை நாலு பேர் முன்னாடி அறுத்துப் போடணும். இல்லன்னா அது புதுசு மேல ஏறி உக்காந்துக்கும்."

விழாவுக்கு நாள் குறித்தார். மறுபிறப்பு விழா. மறுபிறப்புக்கு ஒரு ரம்பமும் ஏற்பாடாகியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பின்கட்டில் சோப்பக்கா அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார். எதிரே துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அவருடைய நாத்தனார். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் முதல் வார்த்தை 'எதுக்கு?' வீட்டில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

"நாளைக்கு அறுத்துருவாங்க," என்றார் சோப்பக்கா.

"எதுக்கு அண்ணி?"

"ஆரம்பிச்சுட்டியா? கடையில ஈ ஓட்டிட்டு இருக்கேன். இந்த மாசம் இப்படியே போனா அடுத்த பாளத்துக்கு எண்ணெய் வாங்க வழியில்ல. ரொட்டிக்கடைக்காரருக்கு வியாபாரம் எழுந்திரிக்கலையா? எனக்கும் எழுந்திரிக்காதா?"

"அவருக்குப் பள்ளம் மூடினாங்க."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பள்ளம்."

சோப்பக்காவின் கணவர் கதவோரம் நின்று தொண்டையைக் கனைத்தார். "அறுக்கறதுன்னு ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அது வாத்து இல்ல."

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னம். நான் அன்னம்னு நினைச்சுத்தான் செதுக்கினேன். வந்தவங்க எல்லாம் வாத்து வாத்துன்னாங்க. நானும் விட்டுட்டேன்."

சோப்பக்கா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா? அன்னமா? செருப்புன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எதுக்கு துண்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள். "அண்ணி, அண்ணன் காட்டினது அன்னம். வாங்கறவங்க மனசுல பதிஞ்சது வாத்து. பேரு, நிறம், எழுத்து, படம்னு நாம காட்டறது அடையாளம். அவங்க மனசுல பதியறது பிம்பம். ரெண்டும் ஒண்ணு இல்ல."

"அப்போ பிராண்டுங்கறது எது?"

"வாத்தைப் பாத்ததும் 'இது கை எரியாத சோப்பு'ன்னு எடுக்கறாங்களே, அந்த நம்பிக்கை. அது சோப்பாலயும் உங்களாலயும் வந்தது. வாத்து அதுக்கு ஒரு ஞாபகக் குறி. காட்டறத ஒரே நாள்ல மாத்தலாம். பதிஞ்சத மாத்த ரொம்ப காலம் ஆகும். தொலைக்கறதுக்குத்தான் ஒரு நாள் போதும்."

இவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

"அப்போ கை விழுதே? என் கண்ணால பாத்தேன். மரக்கட்டை மாதிரி கை!"

எதுக்கு கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள். "எங்க கூடத்துல ரத்தக் குப்பியில பேரு இருக்காது அண்ணி, நம்பர்தான். யாரோடதுன்னு தெரிஞ்சா பாக்கறவங்க மனசு ஒரு பக்கம் சாயும். அந்த வைத்தியர்கிட்டயும் பேரை மறைச்சுப் பாக்கலாமா?"

"பாரு. அவரு சரியாச் சொல்லிட்டா நீயே ரம்பத்தைப் பிடிக்கணும்."

"பிடிக்கறேன்."

மறுநாள் மண்டபத்தில் புகை, இசை, ரம்பம். வைத்தியர் அச்சைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ரம்பத்தின் முதல் பல் வாத்தின் கழுத்தைத் தொட்டது.

"கொஞ்சம் இருங்க."

யாருக்கும் கேட்கவில்லை. எதுக்குவின் குரல் அப்படி. பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் கேட்டது. அவர் குரலோ அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

"கொஞ்சம் இருங்கங்கறாங்க!"

ரம்பம் நின்றது. அவள் கைப்பையிலிருந்து இரண்டு பழுப்புக் கவர்களை எடுத்தாள். ஒட்டியிருந்தன. ரொட்டிக்கடைக்காரரிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"ரெண்டு கவர்லயும் லோகோ இருக்காம்! எது உயிரோட இருக்கு, எது செத்துருச்சுன்னு ஐயா பிரிக்காம சொல்லணுமாம்!"

"இதெல்லாம் விளையாட்டு இல்ல," என்றார் வைத்தியர்.

அவள் மறுபடி முணுமுணுத்தாள்.

"பீரோவுல பூட்டினாலே தெரியும்னீங்களே, இது வெறும் காகிதம்தானேங்கறாங்க!" சொல்லி முடித்த பிறகுதான் ரொட்டிக்கடைக்காரருக்கு அதன் பொருள் உறைத்தது. "ஆமால்ல?" என்றார், தன் சொந்தக் கணக்கில்.

கூட்டம் உற்சாகமானது. "செஞ்சு காட்டுங்க ஐயா! மூக்கை உடைங்க!" பக்தர்களே தள்ளிவிடும்போது பாவம், அவரும் எங்கே போவார்?

ரொட்டிக்கடைக்காரர் முதல் கவரை நெஞ்சோடு அணைத்துக் கையை நீட்டினார். வைத்தியர் எதுக்குவின் முகத்தில் ஏதாவது துப்பு கிடைக்குமா என்று பார்த்தார். அவள் எப்போதும்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் ஒரு முறை வேலைக்கு உதவியது.

அழுத்தினார். கை தொப்பென்று விழுந்தது.

"அழுகல்!" வைத்தியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பேராசை பிடிச்ச ஒருத்தனோட லோகோ இது. ஊரை ஏமாத்தறவன். கிட்டயே வெக்காதீங்க!"

இரண்டாவது கவர். "தாங்குங்க!" கை அசையவில்லை.

"ஆஹா! ஒளி, ஒளி! இது ஞானி ஒருத்தரோட கை பட்டது. என் விரலெல்லாம் குளிருது!"

"பிரிங்க," என்றாள் எதுக்கு. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

ரொட்டிக்கடைக்காரர் முதல் கவரைக் கிழித்தார். ஊதா நிறம், தங்க வட்டம், வால். லோகோ வைத்தியரின் விசிட்டிங் கார்டு.

பின்வரிசையில் யாரோ, "பேராசை பிடிச்சவன், ஊரை ஏமாத்தறவன்," என்று வைத்தியரின் குரலிலேயே சொன்னார்கள். அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!"

இரண்டாவது கவரிலும் அதே கார்டு.

"ஒரே கார்டு ஒரு நிமிஷத்துல எப்படி ஐயா அழுகி, குளுந்து, ஞானியாச்சு?" என்று கேட்டார் சலவைக்கடைக்காரர்.

"கவர்... கவர் காகிதத்துல கெட்ட அதிர்வு," என்றார் வைத்தியர்.

"கவரை மாத்தி மறுபடி பாக்கலாமா?" என்றாள் எதுக்கு, மிக மரியாதையாக. அவர் புகை இயந்திரத்தின் பக்கம் நகர்ந்தார். அவள் ரொட்டிக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டுங்கண்ணா." மணிக்கட்டில், சொல்லாமல் கொள்ளாமல் அழுத்தினாள். விழுந்தது. "இப்போ தாங்குங்க." முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள். நின்றது. நெஞ்சில் லோகோவே இல்லை. ஒரு மாவுக் கறைதான் இருந்தது.

"அட, நான் இந்தக் கையை வெச்சுக்கிட்டா இவ்வளவு நாள் ஏமாந்தேன்?" என்று ரொட்டிக்கடைக்காரர் தன் கையைத் திட்டினார்.

அதற்குள் மேடையில் புகை மட்டும்தான் இருந்தது. தோன்றியவர் மறைந்துவிட்டார்.

பின்கதவு வழியாக ஓடியவர் தன் அலுவலகத்துக்குள் புகுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் நினைத்திருந்தார். ஆனால் தெரு முழுக்க ஊதாப் பலகை, தங்க வட்டம், உயர்வோம், ஒளிர்வோம். துரத்தும் கூட்டம் வேறு பின்னால். ஒரு கதவைத் திறந்து பாய்ந்தார். தாழிட்டார். இருட்டில் தடவித் தன் நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலியும் சேர்ந்து பின்னால் சாய்ந்தது.

மேலே பளிச்சென்று விளக்கு எரிந்தது. இந்த முறை மூக்குக்கண்ணாடி போட்டிருந்த பல் டாக்டர் பின்வாசல் வழியாக வந்து அவர் முகத்தின் மேல் குனிந்து நின்றார்.

"வாய தெறங்க ஐயா. நாடி பாக்கணும்."

தன் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு அகலமாகத் திறந்த வாயைப் பார்த்ததில்லை என்று டாக்டர் பின்னாளில் சொன்னார். வாங்கிய கட்டணத்தையெல்லாம் திருப்பித் தருவதாக அந்த வாயாலேயே ஒத்துக்கொண்டபின்தான் நாற்காலி நிமிர்ந்தது.

சோப்பக்காவின் அச்சு பிழைத்தது. கழுத்தில் ரம்பத்தின் சின்னக் கீறல் ஒன்று. அடுத்த பாளத்திலிருந்து ஒவ்வொரு சோப்பிலும் அந்தக் கீறலும் விழுகிறது. வாசல் பள்ளத்தை மூடிய மறுநாளே ஓர் அம்மாள் கடைக்கு வந்தார்.

"கோண வாத்து இருக்கா? நடுவுல கிடைக்கவே இல்லியே. ஐய, கழுத்துல என்ன சங்கிலி? நல்லாத்தான் இருக்கு."

"அது அன்னம்," என்றார் கணவர், உள்ளேயிருந்து.

"நீங்க சும்மா இருங்க," என்றார் சோப்பக்கா. குழாய் பதித்தவர்களுக்குத் தேநீரும் கை கழுவ ஒரு வாத்தும் அனுப்பிவைத்தார்.

தெருவில் பழைய பலகைகள் திரும்பி வருகின்றன. ஆனால் பக்கத்துத் தெருவில் இப்போது தோண்ட ஆரம்பித்திருக்கிறார்களாம். கடைப் படிக்கட்டின் உயரத்தை அளந்து வியாபாரத்தின் ஆயுள் சொல்லும் ஒருவர் அங்கே வந்திருக்கிறாராம். கூட்டமாம். போகிறவர்கள் போகலாம். அவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு அதே படியை இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், கட்டு இருப்பது உங்கள் கண்ணில்.