எல் எழுத்தோடு முடிந்த அகராதி

கல்யாணமான முதல் வருஷத்தில் எந்த ஆம்பிளைக்கும் உலகத்தில் தெரியாத விஷயமே இருக்காது. எழுபதுகளின் நடுவில் நானும் அப்படித்தான் இருந்தேன். போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் வேலை. படிப்பு பி.யு.சி. (காலேஜுக்குப் போனேன், வந்தேன், அவ்வளவுதான்.) ராசிங்காபுரத்திலிருந்து வந்த என் மனைவி பவுன்தாய், நான் ஆங்கிலத்தில் புலி என்று நம்பியிருந்தாள். நம்ப வைத்ததும் நான்தான்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் தவறியிருந்தாள். அதைத் தேறிவிட்டால் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். அதைத்தான் அவள் ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ, அக்டோபரில் ஒரு தடவை எழுதட்டும், தேறாவிட்டால் இரண்டு பேரும் போடிமெட்டுக்கு மேலே நம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பவுன்தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன ஆங்கிலம்-தமிழ் அகராதி.

சின்னதா? என் கௌரவம் என்ன ஆவது? மதுரைக்கு பஸ் ஏறி, ஒரு பழைய புத்தகக் கடையில் இருந்ததிலேயே தடியான அகராதியைக் கையில் எடுத்தேன். புதிதாக பைண்டு பண்ணி, கறுப்பு அட்டையில் கம்பீரமாக இருந்தது.

ஏலக்காய் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூட்டையின் வாயில் பருங்காயாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. நடுமூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். அகராதியையும் அப்படியே நடுவில் பிரித்தேன். அச்சு சுத்தம், தாள் கெட்டி. இன்னும் இரண்டு தடவை நடுவிலேயே பிரித்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். (சத்தியமாக.) முன்பக்கம் பின்பக்கமெல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். எனக்கா சரக்குப் பார்க்கத் தெரியாது என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கட்டச் சொன்னேன்.

வீட்டில் அகராதிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பவுன்தாய் முதலில் தேடிய வார்த்தை 'டீச்சர்'. புரட்டினாள், புரட்டினாள், புத்தகமே முடிந்துவிட்டது.

"ஏங்க, எல்லோட நிக்குதே?"

இரண்டு பாகத்தில் முதல் பாகத்தை மட்டும் தூக்கி வந்திருக்கிறேன். அந்த நிமிஷமே தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அதுக்கு மேலதான் எனக்கே தெரியுமே. எதுக்கு வீண் சுமைன்னு விட்டுட்டு வந்தேன்."

பாவம், நம்பினாள். அன்றிலிருந்து எம் முதல் இசட் வரை நானே அகராதி. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இன்னும் சத்தமாகச் சொன்னேன். 'விட்னஸ்' என்ற வார்த்தைக்கு 'கிழட்டு மாடு' என்று அர்த்தம் சொல்லியிருந்தேன். பரீட்சையில் அதையே சொந்த வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு 'சாட்சி' என்று அர்த்தமாம். தபால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் பவுன்தாய் எழுதிவிட்டு வந்திருந்தாள்: எங்கள் வீட்டுச் சாட்சி இப்போதெல்லாம் பால் கறப்பதில்லை.

கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. படிப்பு ஏறாத மண்டைக்கு எதற்கு இந்த ஆசை என்று அப்பா அவள் காதுபடவே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்; வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே சோறு தின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் மலைக்குப் போக ஜீப்பு வந்து நின்றது. பவுன்தாய் அந்த அரை அகராதியையும் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கட்டினாள். எனக்குத் தாங்கவில்லை. கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பெண்கள் முன்னாலும், மாடு உட்பட எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பவுன்தாயைப் பார்த்து, "ஆத்தா, நீ இருந்து படி," என்றார். என் பக்கம் திரும்பி, "நீ ஏறுடா ஜீப்புல," என்றார்.

ஏறினேன். வண்டி கிளம்புமுன் பவுன்தாய் பக்கத்தில் வந்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "அதுக்கு அகராதி வேணாமே."

ஆறு மாதம் தோட்டத்தில் அட்டைக்கடியோடு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் தானே போய்ச் சின்ன அகராதி வாங்கி, தேறி, டீச்சராகி, ரிட்டையரும் ஆகிவிட்டாள். இப்போதும் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டு நான் "தெரியாது" என்று சொன்னால், எல்லோரும் சாப்பாட்டுக் கையைக்கூடப் பார்க்காமல் கை தட்டுகிறார்கள். என்ன ஏது என்று தெரியாமல் பேத்தியும் தட்டுகிறாள். பவுன்தாய் மட்டும் தட்டுவதில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள்.