அறுபதாரின் அருவி

அறுபதாரின் மாடி அறை வாசலில் செருப்பு விட இடம் கிடைத்தாலே பாதி நோய் தீர்ந்த மாதிரி. கண் மங்கியவர்கள், தலைவலிக்காரர்கள், அடுத்த வீட்டுக்காரி வந்தாளே என்று வந்தவர்கள் எனப் படிக்கட்டு வரை கூட்டம். போன வருடம் வரை கீழ்க்கடையில் கணினி விற்றவர்தான் இந்த அறுபதார். கணினி விற்கவில்லை. கண்ணொளி விற்கிறது!

வைத்தியம் சுலபம். இணையத்திலுள்ள ஓர் அருவி வீடியோவைக் கணினியின் பிளேயரில் ஓட்டுவார். தேர்வுப் பெட்டியில் 'நொடிக்கு 60 ஃபிரேம்', அதாவது நொடிக்கு அறுபது படம், என்பதைச் சொடுக்குவார்; பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். "முப்பது படத்தைக் கண்ணு பாக்கும். மிச்ச முப்பது உள்ள போய் அழுக்கைக் கழுவும்!" உண்மையில் எதைக் கழுவியது என்று வாசலில் இருந்த காணிக்கைப் பெட்டியைக் கேட்க வேண்டும்.

கணவரோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரிக்கு இது பொறுக்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் அவள் கணவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் அறுவைச் சிகிச்சை. கத்தி என்றாலே குலை நடுங்கும் மனிதருக்கு அருவி இனிக்காதா?

"ஆஸ்பத்திரியே வேண்டாம்மா. இங்க வந்ததுல இருந்து பளிச்சுனு தெரியுது" என்றார் கணவர்.

"அப்புறம் ஏன் சட்டைய உள்பக்கம் வெளிய தெரிய போட்டிருக்கீங்க?"

"அது அவசரத்துல."

அறுபதார் அறுபதைச் சொடுக்கிவிட்டு, "எல்லாரும் கண்ணை மூடி வேண்டிக்குங்க" என்றார். தாமும் மூடிக்கொண்டார். தையற்காரி மூடவில்லை. வீட்டில் சட்டை வெட்டும் வீடியோ பார்க்கும்போது இணையம் இழுத்தால் அவளும் இதே பெட்டியில் மாற்றுவாள். எட்டி மவுசைப் பிடித்து முப்பதாக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

கண்கள் திறந்தன. "ஆஹா, குளுகுளுன்னு இருக்கே!" என்றது கூட்டம்.

"இன்னிக்கு அறுபது உக்கிரமா இறங்குது!" என்றார் அறுபதார்.

"இப்ப ஓடுறது முப்பதுங்க. நான்தான் மாத்தினேன்."

அறுபதார் திரையை உற்றுப் பார்த்தார். "அதான்... எனக்கும் உறுத்துச்சு."

"சரி, உங்க கையாலயே அறுபது வைங்க."

வைத்தார். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் பிளேயரின் தகவல் பலகையை அவள் திறந்து முன்வரிசைக்காரரைப் படிக்கச் சொன்னாள். "நொடிக்கு... முப்பது" என்று அவர் இழுத்தார்.

"இந்த வீடியோவே முப்பதுதான். அறுபது கேட்டா இருந்தாத்தான் வரும். இல்லைன்னா இருக்கிறது வரும். இத்தனை நாளா நீங்க யாரும் அறுபதைப் பாக்கவே இல்ல!"

"எண்ணு எப்படியோ போகட்டும், எனக்குத் தெரியுதே!" என்று கணவர் எழுந்தார்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை நீட்டினாள். "அச்சகத்துத் தாள். முதல் வரியப் படிங்க."

மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். "எழுத்து பொடிசு. ஆனா பிழையில்லாம அடிச்சிருக்கான்."

தாளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். வெறும் வெள்ளைத் தாள்.

அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. கணவர் தடவித் தடவி அவள் கையைப் பிடித்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா போகணும்?"

அறுபதாரைக் காணோம். காணிக்கைப் பெட்டியையும் காணோம். படியிறங்கும்போது ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஒருவேளை, நூத்திருபது வச்சா குணமாகுமோ?"

கண்ணில் விழுந்த புரையை மருத்துவர் எடுத்துவிடுவார். புத்தியில் விழுந்ததை அவரவர்தான் எடுத்தாக வேண்டும்.