கப்ளருக்குத் தமிழ் கண்ட கதை

காதில் விழும் பிறமொழிச் சொல்லை அக்கணமே தமிழாக்கிவிடும் நோய் எனக்கு உண்டு. தமிழாசிரியன் என்பதால் வகுப்பறையில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். நாமக்கல் நெடுஞ்சாலையில் கிடைத்தது வேறு.

என் மனைவி ரஹீமாவுக்கு நாமக்கல் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியைப் பணிக்கான நேர்முகத் தேர்வு, காலை பத்து மணிக்கு. மூன்று பள்ளிகள் கைவிரித்த பின் வந்த அழைப்பு அது. "நான் பஸ்ஸுலயே போயிடறேங்க" என்றாள். "நானிருக்கப் பேருந்து எதற்கு?" என்று (ஆம், பேருந்து என்றேதான் சொன்னேன்) என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன்.

மல்லூரைத் தாண்டியதும் வண்டி வலுவிழந்தது. எவ்வளவு முறுக்கினாலும் ஊர்ந்தது. மிதிவண்டியில் பால் கொண்டு சென்றவர் எங்களை முந்தியதோடு நில்லாமல், திரும்பியும் பார்த்தார்.

ஓரமாக நிறுத்தி, எடப்பாடிக்காரரான மெக்கானிக் முருகேசனை அலைபேசியில் அழைத்தேன். லாரிகளின் இரைச்சல் பாதியை விழுங்கியது போக என் செவிக்கு எட்டியது இவ்வளவே: "சீட்டு... கப்ளர் லூசா இருக்குமுங்க சார். அதான் வண்டி இழுக்கல. நல்லா நெருக்கி அமுக்குங்க."

கப்ளர் என்பது மின்கம்பிகளின் முனைகளை ஒன்றோடொன்று கோக்கும் பிளாஸ்டிக் தலை என்று அன்று நான் அறியேன். 'கப்பிள்' என்று செவி கொண்டது. 'தம்பதி' என்று மூளை பெயர்த்தது.

"தம்பதியர் தளர்வாக அமர்ந்திருப்பதே பழுதாம். நெருங்கி உட்கார்" என்றேன்.

"முருகேசண்ணனா சொன்னாரு?"

"அவரேதான்."

ஐயத்தோடு நெருங்கினாள். விதியின் குறும்பு, வண்டி ஓடியது. "பார்த்தாயா?" என்று நான் பெருமிதத்தோடு கேட்டு முடிப்பதற்குள் மறுபடி இருமி நின்றது.

"இன்னும் சற்று நெருங்கலாம்."

"இதுக்கு மேல நெருங்கணும்னா உங்க மடியிலதாங்க உக்காரணும். மணி ஒம்பதே காலு. போனைக் குடுங்க."

கொடுத்தேன்.

"அண்ணே, எது லூசுன்னீங்க?"

"சீட்டுக்கு அடியில கப்ளருங்கம்மா. இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்ப்புக்குப் போற ஒயரு ஜாயிண்டு."

ரஹீமா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "லூசு சீட்டு மேலதாண்ணே இருக்கு" என்றாள்.

இருக்கையைக் கழற்றி, அந்த வெள்ளைத் தலைகள் இரண்டையும் பிரித்து, உள்ளே படிந்திருந்த களிம்பைத் துடைத்து, அழுத்திப் பூட்டினாள். வண்டி சீறிக் கிளம்பியது. (நாங்கள் நெருங்கியபோது இருக்கை அழுந்தி, அந்த இணைப்பு சற்றே ஒட்டியதாம். என் கோட்பாட்டுக்கு இருந்த அறிவியல் சான்று அவ்வளவே.)

இருபது நிமிடம் தாமதமாக, களிம்புக் கறை படிந்த கைகளோடு உள்ளே போனாள். தாமதத்துக்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லியிருக்கிறாள். வெளியே காத்திருந்த எனக்கு முதலில் சிரிப்பொலி கேட்டது. பிறகு கதவு திறந்து, ஒரு தலை என்னை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. தளர்ந்த இணைப்பில் மின்தடை ஏன் கூடுகிறது என்பதுதான் அடுத்த வினாவாம். கைகளையே சான்றாகக் காட்டி விளக்கினாளாம். வேலை கிடைத்தது.

வண்டி இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பழுதென்று நான் அழைத்தால் முருகேசன் விவரமே கேட்பதில்லை. "வணக்கமுங்க சார்" என்பார் மிகுந்த மரியாதையோடு. "டீச்சர் பக்கத்துல இருந்தா குடுங்க."