காலாட்டும் உத்தியோகம்

"சார், இந்த லைட்டு..." என்று ஏழாம் படிப்பறையில் இருந்த பெண் வாயைத் திறந்தாள்.

"உஷ்!" என்றார் அறைப் பொறுப்பாளர், சுட்டுவிரலை உதட்டில் வைத்து. "தெரியும்மா. நான் பார்த்துக்கறேன். நீ படி."

பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் இருந்த படிப்பறைகள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. மேசை ஆடுகிறதா, நாற்காலி உடைந்திருக்கிறதா, யாராவது பேசுகிறார்களா என்று அரைமணிக்கொரு தடவை ஒவ்வொரு கதவாகத் திறந்து எட்டிப் பார்ப்பார். கதவுகளில் கண்ணாடி உண்டு. ஆனால் அதன் மேல் 'அமைதி காக்கவும்' என்று பெரிய தாளாக அவரே ஒட்டிவிட்டதால், திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. மாணவர்கள் அவருக்கு 'உஷ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலையில் வந்ததும் வராததுமாக வரவேற்பு மேசைக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஏழாம் ரூம்ல லைட்டு தொந்தரவாம். அங்க வர்ற பொண்ணு புகார் சொல்லியிருக்கு. மேடம் காதுக்கும் போயிடுச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் அவங்களே நேர்ல வந்து பாக்கறாங்களாம்."

மேடம் என்றால் தலைமை நூலகர். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் சரியாக வேலை பார்க்காத இருவரை நிலவறைக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார். பழைய செய்தித்தாள் கட்டுகளைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடையாது. படிப்பறைக்கு வருவதற்கு முன்னால் நம்மவர் அங்கேதான் இருந்தார். தூசு ஆகாது அவருக்கு. காலையில் ஆரம்பிக்கும் தும்மல் சாயங்காலம் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வரும். மூக்கடைப்பு நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். திரும்ப அங்கே போவதை நினைத்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஓடிப்போய் ஏழாம் அறையைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. அவர் காலை வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பெண் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள்.

விஷயம் உடனே புரிந்துவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லா அறைகளிலும் புதிதாக ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசைவே இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மற்ற அறைகளில் பிரச்சினை இல்லை. அங்கே படிக்கிறவர்கள் தலையைச் சொறிவார்கள், நெளிவார்கள், செல்போனைத் தடவுவார்கள். இந்தப் பெண் அப்படியில்லை. முன்னால் ஒரு தடித்த புத்தகம், கன்னத்தில் கை, குனிந்த தலை. அவ்வளவுதான். அவர் எப்போது திறந்து பார்த்தாலும் அதே கோலம்.

'படிப்புன்னா இதுதான்யா படிப்பு. லைட்டு போனதுகூடத் தெரியாம உட்கார்ந்திருக்கு பாரு' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். இப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு உதவாமல் வேறு யாருக்கு உதவுவது?

எலக்ட்ரீசியனைப் பிடித்தார்.

"அந்தக் கருவியைக் கழட்டிடுப்பா."

"ஐயையோ, மேல இருந்து உத்தரவு. கை வெச்சா என் வேலை போயிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"ஏதாவது ஆடிக்கிட்டே இருக்கணும் சார். வேற என்ன?"

இவ்வளவுதானே! தன் மேசையில் இருந்த மின்விசிறியைக் கையோடு தூக்கி வந்தார். அதன் கம்பியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, ஏழாம் அறையின் மூலையில் வைத்து முழு வேகத்தில் சுழல விட்டார். நாடா ஆடியது. கூடவே அந்தப் பெண்ணின் குறிப்புத் தாள்களும் ஆடின. ஆடி, பறந்து, திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய், படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தன.

அவர் பின்னாலேயே ஓடினார். ஒவ்வொரு மாடியிலும் குனிந்து குனிந்து பொறுக்கி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. நாடா மட்டும் இருட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"உஷ்! பக்கத்து ரூம்ல படிக்கறாங்க. நன்றியெல்லாம் அப்புறம் சொல்லலாம்."

எலக்ட்ரீசியன் சிரித்தான். "நாடாவுக்கெல்லாம் அது ஏமாறாது சார். மனுஷ உடம்பு ஆடணும். உடம்புச் சூட்டைத்தான் அது பாக்கும்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க எங்க சார் பேச விட்டீங்க?"

மனித உடம்பு. ஓயாமல் ஆடுகிற மனித உடம்பு. அவர் மண்டையிலும் ஒரு விளக்கு எரிந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி எங்க?"

"எங்க போவான்? சோபாவுல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருக்கான்."

"உடனே அனுப்பு. வேலை இருக்கு."

மறுமுனையில் குரல் தழுதழுத்தது. "நிஜமாவாங்க? அவனுக்கா? என்ன வேலை?"

"காலாட்டற வேலை."

"விளையாடாதீங்க. அவன் காலாட்டறான்னு கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கரிச்சுக் கொட்டறீங்க. இப்ப போன்ல வேறயா?"

"சத்தியமா சொல்றேன். ஆட்டோ பிடிச்சு அனுப்பு, தாயே!"

மைத்துனன் வந்தான். முப்பது வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காதவன். ஆனால் காலாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏழாம் அறையில் அந்தப் பெண்ணுக்கு எதிர் நாற்காலியில் அவனை உட்கார வைத்தார் பொறுப்பாளர். வலது கால் தொடங்கியது. விளக்கு ஜோராக எரிந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மேசையும் சேர்ந்து ஆடியது. பேனா உருண்டு விழுந்தது. ஆறாம் அறைக்காரர்கள் வெளியே வந்து, "சார், பூகம்பமா?" என்று கேட்டார்கள். துடைக்கும் துணிகளை நாலாக மடித்து மேசைக் காலுக்கும் மைத்துனன் காலுக்கும் அடியில் கொடுத்தார். மேடம் வருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், நிமிஷத்துக்கொரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. பாவம், எவ்வளவு படிப்பு!

சற்று நேரத்தில் மைத்துனன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"மாமா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னா..."

"உஷ்! ரூமுக்குள்ள பேச்சு வேறயா? போய் ஆட்டு."

"கால் மரத்துப் போச்சு மாமா."

"இன்னொரு கால் எதுக்கு இருக்கு?"

இன்னொரு காலும் மரத்துப்போனது. வீட்டில் என்றால் நடுநடுவே எழுந்து சாப்பிடப் போவான். இது நேரங்காலம் இல்லாத உத்தியோகம். படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது மைத்துனனின் இரண்டு கால்களும் மேசை மேல் கட்டையாகக் கிடந்தன. பொறுப்பாளருக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் ஓடியாக வேண்டுமே! அறை நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீச ஆரம்பித்தார். இடையிடையே குதிக்கவும் செய்தார்.

கதவு திறந்தது. வாசலில் தலைமை நூலகர்.

"என்ன இது?"

பொறுப்பாளர் கைகளை நிறுத்தாமலே ஒன்றுவிடாமல் சொன்னார். கருவி, நாடா, படிக்கட்டு, மைத்துனன், மரத்துப்போன கால்கள். "படிக்கிற பொண்ணு மேடம். இருட்டுல உட்கார்ந்து கஷ்டப்படக் கூடாது இல்லையா? அதான்."

தலைமை நூலகர் விளக்கைப் பார்த்தார். மேசை மேல் இருந்த கால்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது.

"ஒரு மாணவிக்காக வீட்டு ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்து... இந்த அக்கறை எனக்குப் பிடிச்சிருக்கு. முறைதான் சரியில்ல. கருவியை நான் எடுக்கச் சொல்லிடறேன். உங்களை இங்கேருந்து மாத்தறதா இல்ல. கையை இறக்குங்க."

பொறுப்பாளர் கையை இறக்கினார். நிலவறை, தூசு, தும்மல் எல்லாம் ஒரேயடியாகத் தொலைந்தன. அழுகை வருகிற மாதிரி இருந்தது அவருக்கு. வெட்கப்படாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

தலைமை நூலகர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "என்னம்மா, இப்ப திருப்திதானே?"

அவள் வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், பொறுப்பாளரின் சுட்டுவிரல் தானாக உதட்டுக்குப் போனது.

"விரலை எடுங்க. அந்தப் பொண்ணு பேசட்டும்."

அவள் புத்தகத்தை மூடினாள். காலையிலிருந்து அந்தப் பக்கத்தை அவள் திருப்பவே இல்லை.

"மேடம், தயவுசெஞ்சு கருவியை எடுத்துடாதீங்க. ராத்திரி வேலை முடிச்சிட்டு வந்து நான் கொஞ்சம் தூங்கறதே அது தானா லைட்டை அணைக்கறதாலதான். அரைமணிக்கொரு தடவை கதவைத் திறந்து அதை எரிய வைக்கறாரே, இவரை எங்கயாவது மாத்த முடியுமான்னுதான் நான் புகார் குடுத்தேன்."